மடகாஸ்கர்: மூன்று வேளையும் சோறு

[காட்சி: விறகடுப்பின் மேல் கரி படிந்த பானை]

பானையில் இருந்த சோறு காலி. அடியில் ஒட்டிய காந்தல் மட்டும் மிச்சம். நம் வீட்டில் என்றால் அதைச் சுரண்டித் தின்ன ஒரு சண்டையே நடக்கும். இங்கே அதன் மேல் தண்ணீரை ஊற்றி மறுபடி கொதிக்க வைக்கிறார்கள். தேநீர் நிறத்தில், லேசான கருகல் வாசனையோடு இறங்கும் அந்தத் தண்ணீர்தான் சாப்பாட்டோடு குடிக்கும் பானம். பெயர் ரானுவூலா.

இது நடப்பது ஆப்பிரிக்காவில். மடகாஸ்கரில்.

இங்கே பேசும் மலகாசி மொழியில் 'சாப்பிடுவது' என்பதற்கே 'சோறு உண்பது' என்றுதான் சொல்வார்கள். காலையில் குழைந்த சோறு, மதியம் சோறு, இரவும் சோறு. கறியோ கீரையோ எல்லாம் அதற்குத் தொட்டுக்கொள்ளத்தான். கடிகாரம் வருவதற்கு முன்பு நேரத்தைக்கூட சோற்றால்தான் அளந்தார்கள். 'ஒரு சோறு வேகும் நேரம்' என்றால் அரை மணி நேரம்.

சரி, ஆப்பிரிக்கக் கரையிலிருந்து 400 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தீவுக்கு இந்தச் சோற்றுப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

[காட்சி: இந்தியப் பெருங்கடல் வரைபடம்]

விரலை வரைபடத்தில் கிழக்கே நகர்த்துங்கள். இன்னும், இன்னும். ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் போனால் தென்கிழக்கு ஆசியாவின் போர்னியோ தீவு. அங்கே பாரிட்டோ ஆற்றங்கரையில் பேசப்படும் மஅன்யான் மொழிதான் மலகாசிக்கு மிக நெருங்கிய உறவு. கி.பி. முதல் ஆயிரமாண்டில் அந்தப் பக்கத்து ஆட்கள் சோற்றுப் பழக்கத்தோடு படகில் கடலைக் கடந்து வந்திருக்கிறார்கள். அப்புறம் எதிர்க்கரையிலிருந்து ஆப்பிரிக்க மக்கள் வந்தார்கள், திமில் வைத்த மாடுகளும் வந்தன. இன்றைய மலகாசி மக்களின் ரத்தத்தில் இரண்டு பக்கமும் கலந்திருக்கிறது. பதினெட்டு இனக்குழுக்கள் என்று அரசு கணக்கு சொல்லும். மொழி மட்டும், வட்டார வழக்குகளோடு, ஒன்றுதான்.

நிலத்தின் கதை இன்னும் பழையது. ஒரு காலத்தில் இந்தியாவும் மடகாஸ்கரும் ஒரே நிலத்துண்டு. சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்து, நாம் வடக்கே வந்து ஆசியாவில் மோதினோம். அது அங்கேயே தனியாக நின்றுவிட்டது. அந்தத் தனிமையில் வளர்ந்தவைதான், குரங்குக்குத் தூரத்துச் சொந்தமான லெமூரில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள். இயற்கையாக வேறு எங்கும் அவை கிடையாது. அடிமரம் பருத்த பாவோபாப் மரத்திலும் ஆறு இனங்கள் இங்கே மட்டும்தான். இலங்கையின் மன்னாரில் பெருக்கமரம் பார்த்தவர்களுக்கு இவற்றின் ஆப்பிரிக்கச் சொந்தக்காரனைத் தெரிந்திருக்கும்.

தமிழ்நாட்டைப் போல நான்கு மடங்குக்கும் அதிகமான பரப்பு. கிழக்கே மழைக்காடு, தெற்கே முள்காடும் வறட்சியும். நடுவே மேட்டுநிலம், அங்கேதான் தலைநகர் அண்டனானரிவோ.

அந்த நகரைச் சுற்றியிருந்த சதுப்பை வெட்டி வடித்து வயலாக்கியதில் பெரிய பங்கு அண்ட்ரியனம்புயினிமெரினா என்ற ராஜாவுக்கு. (ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள்.) மேட்டுநிலத்து மெரினா இனத்தின் அரசை விரிவாக்கியவர், 1810-ல் இறந்தார். 'கடல்தான் என் வயலின் வரப்பு' என்று அவர் சொன்னதாக அங்கே இன்றும் சொல்வார்கள். தீவு முழுவதும் எனக்கு என்பதைச் சொல்லக்கூட அவருக்கு வயல்தான் வந்திருக்கிறது.

மகன் முதலாம் ரடாமா தீவின் பெரும்பகுதியைப் பிடித்தார். பிறகு வந்த முதலாம் ரணவலுனா ராணி, 33 ஆண்டுகள் ஐரோப்பியர்களை எட்டவே வைத்திருந்தார். அவருடைய கெடுபிடியில் சொந்த மக்களும் நிறையப் பேர் செத்தார்கள், அதை மறைக்க முடியாது. 1896-ல் பிரான்ஸ் மடகாஸ்கரையே தன் காலனியாக்கியது. மறு ஆண்டு கடைசி ராணியை நாடு கடத்தினார்கள். 1947-ல் வெடித்த கிளர்ச்சியைப் பிரெஞ்சுப் படை அடக்கியதில் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். விடுதலை கிடைத்தது 1960 ஜூன் 26.

[காட்சி: பச்சை வெனிலா காய், மிக அருகில்]

இப்போது வடகிழக்கே, வெனிலாத் தோட்டத்துக்கு. உலகின் இயற்கை வெனிலாவில் பெரும்பகுதி இந்த நாட்டிலிருந்துதான். கொடி மெக்சிகோவைச் சேர்ந்தது, அதற்குத் தோதான பூச்சி இங்கே இல்லை. பூவோ ஒரே நாள்தான் விரிந்திருக்கும். அதனால் விடிந்ததும் ஆள் போய், சிறு குச்சியால் பூவின் உள்மடலைத் தூக்கி, மகரந்தத்தைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். ஒவ்வொரு பூவுக்கும் இப்படி. 1841-ல் பக்கத்து ரீயூனியன் தீவில் எட்மண்ட் அல்பியுஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன் கண்டுபிடித்த முறை இது.

காயில் புள்ளி புள்ளியாகத் தெரிகிறதே, பார்த்தீர்களா? திருட்டுக்குப் பயந்து விவசாயி ஊசியால் குத்திய அடையாளம். காய்ந்து கறுத்த பிறகும் அந்த வடு மறையாது.

இத்தனைக்கும் உலகின் மிக ஏழை நாடுகளில் இதுவும் ஒன்று. விளைகிற நெல் ஏறத்தாழ மூன்று கோடிப் பேருக்குப் போதவில்லை. காட்டை எரித்து மலைநெல் விதைக்கிறார்கள், லெமூரின் வீடு சுருங்குகிறது. அப்படியும் பற்றாத அரிசி இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் கப்பலில் வருகிறது. வெனிலா விற்ற காசில் ஒரு பகுதி அந்த மூட்டைக்குத்தான் போகிறது.