லீட்ஸ்: சந்துக்குள் ஒரு நகரம்

(காட்சி: பிரிகேட் வீதி, முற்பகல் கூட்டம்.)

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரம். இந்தக் கடைத்தெருவின் பெயர் பிரிகேட். இரு பக்கமும் எந்த ஊரிலும் பார்க்கக்கூடிய அதே துணிக்கடைகள், அதே செருப்புக்கடைகள். அவற்றை விட்டுவிடுங்கள். கடைக்கும் கடைக்கும் நடுவே குறுகலான சந்துகள் தெரிகின்றன, பாருங்கள். இன்றைய நடை அவற்றுக்குள்தான்.

(காட்சி: பழைய மனைகளைக் காட்டும் கோட்டு வரைபடம்.)

1207ஆம் ஆண்டு இவ்வூர்ப் பிரபு மாரிஸ் பெய்னல் ஒரு சாசனம் அளித்தார். ஏர் ஆற்றுப் பாலத்திலிருந்து வடக்கே அகன்ற வீதி ஒன்று உருவானது. 'பிரிக்' என்றால் பாலம். 'கேட்' இங்கே வாசல் அல்ல. ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகள் விட்டுச் சென்ற சொல், தெரு என்று பொருள். வீதியைப் பார்த்த முகப்பு எல்லோருக்கும் வேண்டுமே! ஆகவே மனைகளுக்கு முகப்பு குறுகல், கொல்லை நெடுநீளம். பின்னாளில் அந்தக் கொல்லைகளில் பட்டறை, குதிரை லாயம், குடியிருப்பு, பப் எல்லாம் முளைத்தன. அங்கே போய்வர விட்ட வழிகளே இந்தச் சந்துகள்.

குடிக்க ஆட்களுக்குப் பஞ்சமில்லை. சுற்றுப்புறக் கிராமத்து நெசவாளர்கள் கம்பளித் துணி விற்க இங்கேதான் வந்தார்கள். முதலில் சந்தை கூடியது பாலத்தின் மேலேயே. 1684-ல் பிரிகேட்டுக்கு மாறியது. பாலத்தடிக் கடைகளில் இரண்டு பென்னி கொடுத்தால் ஒரு குவளை ஏல் பீர், கொஞ்சம் கஞ்சி, ஒரு தட்டு இறைச்சி கிடைக்கும். அதிகாலைச் சந்தைக்கு வந்தவனுக்கு வேறென்ன வேண்டும்?

(காட்சி: டர்க்ஸ் ஹெட் யார்டு. கேமரா மெல்ல உள்ளே நுழைகிறது.)

விட்லாக்ஸ். 1715-ல் டர்க்ஸ் ஹெட் என்ற பெயரில் தொடங்கிய பப். விட்லாக் குடும்பத்தின் கைக்கு வந்தபின், 1886 வாக்கில் இன்றைய கோலம் பூண்டது: வண்ண ஓடு பதித்த பார், பளபளக்கும் பித்தளை, பெரிய கண்ணாடிகள். அழகைவிட எனக்குப் பிடித்தது அதன் வடிவம். ரயில் பெட்டியைப் போல ஒரே நீளம். அலங்காரம் விக்டோரியா காலத்தது. அளவு பழைய மனையினுடையது.

(காட்சி: தார்ன்டன்ஸ் ஆர்கேட், கண்ணாடிக் கூரை.)

இனி கடைகளுக்கு வருவோம். சார்லஸ் தார்ன்டனும் ஒரு பப்காரர்தான். வொயிட் ஸ்வான் என்ற தம் பப்பை ஒட்டி 1865-ல் அவர் கட்டிய இசை அரங்கு, சிட்டி வெரைட்டீஸ் என்ற பெயரில் இன்றும் இயங்குகிறது. அடுத்து டால்பட் விடுதியின் முற்றம் இருந்த இடத்தில், 1878-ல் இருபுறமும் கடைகள் வைத்து, மேலே கண்ணாடி வேய்ந்தார். லீட்ஸின் முதல் ஆர்கேட் இது. சந்துக்குக் கூரை போட்டால் கடைவீதி! கோடியில் உள்ள கடிகாரத்தில், 'ஐவன்ஹோ' நாவலில் வரும் ராபின் ஹூட், ஃபிரையர் டக், மன்னன் சிங்கநெஞ்சன் ரிச்சர்ட், பன்றி மேய்க்கும் குர்த் என மணி அடிக்கும் நான்கு பொம்மைகள். அரசனும் பன்றி மேய்ப்பவனும் ஒரே மணிக்கு வேலை செய்கிறார்கள்.

(காட்சி: கவுன்டி ஆர்கேட்.)

நாடக அரங்குகளுக்குப் பேர்போன ஃபிராங்க் மாட்சமின் கைவண்ணம். குவிமாடங்கள், மொசைக், பளிங்கு. நகையெல்லாம் போட்டுக்கொண்ட கல்யாணப்பெண். பயணிகள் இங்கேதான் படம் எடுக்கிறார்கள். முன்பு இவ்விடம் இறைச்சிக் கடைகள் நெருக்கியடித்த பகுதி என்பதை அந்தப் பளிங்கு மறந்தே போய்விட்டது. என் ஓட்டு தார்ன்டன்ஸுக்கு.

(காட்சி: மீண்டும் பிரிகேட், மாலை.)

அடுத்தது ஏஞ்சல் இன் யார்டு. அங்கேயும் ஒரு பப் உண்டு. ஒருவர் பின் ஒருவராக வாருங்கள்.