அஞ்சே நிமிஷத்துல கைமாறின கப்: 1994 ஹர்லிங் ஃபைனல்

வணக்கம் மக்களே! இன்னைக்கு கிரிக்கெட்டும் இல்ல, ஃபுட்பாலும் இல்ல. அயர்லாந்து பக்கம் போறோம். ஹர்லிங். பாத்திருக்கீங்களா? பாக்கலன்னா பரவால்ல, சட்டுனு சொல்லிடறேன்.

டீமுக்கு 15 பேரு. ஆளுக்கு ஒரு மட்டை, ஆஷ் மரத்துல செஞ்சது. சின்னதா ஒரு தோல் பந்து. கோல் போஸ்ட்டுக்கு நடுவுல குறுக்குக் கம்பி ஒண்ணு இருக்கும். கம்பிக்கு மேல அடிச்சா 1 பாயின்ட். கீழ வலைக்குள்ள போட்டா கோல், அது 3 பாயின்ட்டுக்குச் சமம். ஸ்கோர் 2-13னு போட்டிருந்தா 2 கோல், 13 பாயின்ட், ஆக மொத்தம் 19. அவ்ளோதான். இன்னொண்ணு, யாருக்கும் சம்பளம் கிடையாது. அவங்கவங்க கவுன்டிக்காக, அதாவது நம்ம மாவட்டம் மாதிரி, ஆடுறாங்க. இத மனசுல வச்சுக்கோங்க, கதையே இதுலதான் இருக்கு.

1994, செப்டம்பர் 4. டப்ளின், க்ரோக் பார்க். ஆல்-அயர்லாந்து ஃபைனல், ஹர்லிங்ல பெரிய கப் இதுதான். லிமரிக், ஆஃபலின்னு ரெண்டு கவுன்டி மோதுது. லிமரிக் கடைசியா கப் அடிச்சது 1973ல. 21 வருஷப் பசி. எதிர்ல ஆஃபலி, சின்ன கவுன்டி. ஆனா டூலி அண்ணன் தம்பிங்க மூணு பேர் ஒரே டீம்ல: ஜோ, பில்லி, ஜானி.

இப்போ ஆஃபலியோட மேனேஜர் யாருன்னு பாருங்க. ஏமன் கிரீகன். லிமரிக்காரர்! 1973ல லிமரிக் ஜெயிச்ச அந்த டீம்லயே ஆடினவர். சொந்த ஊருக்கு எதிரா டீமைத் தயார் பண்ணி நிறுத்தியிருக்கார்.

மேட்ச் பெரும்பாலும் லிமரிக் கையிலதான். டேமியன் குவிக்லின்னு ஒரு பையன், தனியாளா 2 கோல், 3 பாயின்ட். பிரிச்சு மேஞ்சுட்டான். முடிய அஞ்சு நிமிஷம்தான் இருக்கு. லிமரிக் 2-13, ஆஃபலி 1-11. அஞ்சு பாயின்ட் லீட். லிமரிக் கூட்டம் அப்பவே கொண்டாட ஆரம்பிச்சிருக்கும், வேற என்ன பண்ணுவாங்க?

அந்த நேரத்துல ஆஃபலிக்கு ஒரு ஃப்ரீ, ஃபுட்பால் ஃப்ரீ கிக் மாதிரி. அடிக்க வர்றது ஜானி டூலி. வெளிய இருந்து என்ன சொல்றாங்கன்னா, "பாயின்ட் எடு போதும்." நியாயம்தான், ஒண்ணொண்ணா ஏறலாம்னு கணக்கு. ஜானி கேக்கல. தாழ்வா ஒரே அடி. கோல் லைன்ல வரிசையா நிக்கிறவங்களத் தாண்டி உள்ள போயிடுச்சு. நானா இருந்தா பயந்து பாயின்ட்தான் எடுத்திருப்பேன், சத்தியமா.

லிமரிக் கோல்கீப்பர் ஜோ குவெய்ட் பந்தை வெளிய அடிக்கிறார். அது சுத்தி ஆஃபலி கைக்கே வருது. பேட் ஓ'கானர். இன்னொரு கோல்! மூச்சு விடுறதுக்குள்ள ரெண்டு. அஞ்சு பாயின்ட் பின்னாடி இருந்தவங்க இப்போ ஒரு பாயின்ட் முன்னாடி.

அதுக்கப்புறம் லிமரிக் எழுந்திரிக்கவே இல்ல. பில்லி டூலி மட்டும் மூணு பாயின்ட். கடைசி ஸ்கோர் 3-16க்கு 2-13. அந்தக் கடைசி அஞ்சு நிமிஷத்துல ஆஃபலி அடிச்சது 2 கோல், 5 பாயின்ட். லிமரிக் அடிச்சது ஒண்ணுமே இல்ல. அங்க இன்னிக்கும் இதுக்கு 'அஞ்சு நிமிஷ ஃபைனல்'னுதான் பேரு.

பழி யார் மேல விழுந்துச்சு? கோல்கீப்பர் மேல. அவசரப்பட்டுப் பந்தை அடிச்சுட்டார்னு. அவசரப்படலன்னு அவரு பின்னாடி சொல்லியும் பேச்சு நிக்கல. எனக்கு இது நியாயமாப் படல. அந்த ஒரு அடிக்கு அவரைச் சொல்லலாம், சரி. அடுத்து வந்த அஞ்சு பாயின்ட்டுக்கு? மிச்சம் 14 பேர் எங்க போனாங்க?

ஆனா எனக்கு மனசுல நிக்கிறது கிரீகன்தான். விசில் ஊதியாச்சு, ஆஃபலிக்காரங்க மைதானத்துக்குள்ள ஓடுறாங்க. ஜெயிச்ச மேனேஜர் மூஞ்சியில சிரிப்பே இல்ல. தோத்தது அவரு ஊரு. ஆனா ஆஃபலிக்கு அவரு எதையும் குறைக்கல பாருங்க, அதுதான் பெருசு. பின்னாடி சில வருஷம் கழிச்சு லிமரிக்குக்கே மேனேஜரா வந்தார். அப்பவும் கப் வரல.

லிமரிக்குக்கு 1996 ஃபைனல்ல வெக்ஸ்ஃபோர்டுகிட்ட தோல்வி, 2007 ஃபைனல்ல கில்கெனிகிட்ட தோல்வி. 2018ல கால்வேக்கு எதிரா ஃபைனல். முடியப்போற நேரத்துல எட்டு பாயின்ட் லீட். அதுலயும் கால்வே கடகடன்னு ரெண்டு கோல், கூடவே பாயின்ட்டும் அடிச்சு, லீடு ஒண்ணுக்கு வந்துடுச்சு! கடைசி ஃப்ரீ, ஜோ கேனிங் ரொம்ப தூரத்துல இருந்து அடிக்கிறார். லிமரிக்ல வயசானவங்களுக்கெல்லாம் 1994 ஞாபகம் வந்திருக்குமா இல்லையா? பந்து கோலுக்கு முன்னாடி இறங்குது, டாம் காண்டன் கூட்டத்துக்கு நடுவுல புடிச்சுட்டார். லிமரிக் 3-16, கால்வே 2-18. 45 வருஷம் கழிச்சு கப்.

1994 மேட்ச் வீடியோவைத் தேடிப் பாருங்க, முழுசா நேரம் இல்லன்னா ஜானி அடிக்கிற அந்த ஃப்ரீல இருந்து போடுங்க. அந்த இடத்துல நீங்க இருந்தா பாயின்டா, கோலா? கீழ சொல்லுங்க.