ஒரே தரவு, இரண்டு விடைகள்

நேயர்களுக்கு வணக்கம். உளவியல் ஆய்வு செய்யும் மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "தரவெல்லாம் சேகரித்துவிட்டேன். இனி எந்தப் புள்ளியியல் சோதனையைப் போடுவது?" கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். முதல் வினாத்தாளை நீட்டும் முன்பே முடிவுசெய்திருக்க வேண்டிய விஷயம் அது.

ஏன் என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்ப்போம். பதற்றத்தைக் குறைக்க 20 பேருக்குப் பயிற்சி தருகிறோம். முன்பு ஒருமுறை, பின்பு ஒருமுறை அளக்கிறோம். சராசரி 3 புள்ளிகள் குறைந்திருக்கிறது. ஆளுக்கு ஆள் பதற்றம் வெகுவாக மாறுபடுவதால் இரண்டு அளவீடுகளிலும் திட்டவிலக்கம், அதாவது மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு, 10. சராசரிகளின் வேறுபாடு தற்செயலானதாக இருக்குமா என்று பார்ப்பது டி-சோதனை. இவற்றை வெவ்வேறு ஆட்களின் மதிப்பெண்களாகக் கருதிச் சார்பற்ற டி-சோதனை செய்தால், டி மதிப்பு வெறும் 0.95. பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை என்று எழுதிவிடுவோம்.

ஆனால் அளக்கப்பட்டவர்கள் அதே 20 பேர். ஒவ்வொருவரும் எவ்வளவு மாறினார் என்று மட்டும் பாருங்கள். அந்த மாற்றங்களின் திட்டவிலக்கம் 4 என்றால், இணை டி-சோதனையில் 3.35 வருகிறது, பி-மதிப்பு ஏறத்தாழ 0.003. ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டின் இரைச்சலில் அமுங்கிக் கிடந்த மாற்றம் இப்போது கேட்கிறது. மூன்று குழுக்கள் இருந்தால் அனோவா, ஆம்-இல்லை போன்ற எண்ணிக்கைகளுக்குக் கை-வர்க்கச் சோதனை என்று வழிகள் பல. எதுவானாலும், யாரை எத்தனை முறை எப்படி அளந்தோம் என்பதுதான் சோதனையைத் தீர்மானிக்கிறது.

அந்த 0.003 என்ன சொல்கிறது? பயிற்சி 99.7 விழுக்காடு பலிக்கும் என்றல்ல. அப்படிப் படிப்பவர்கள் ஏராளம். என்னை மிகவும் கவலைப்பட வைப்பதும் இந்தப் பிழைதான். உண்மையில் சராசரி மாற்றமே இல்லாதிருந்தால், இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வேறுபாடு தற்செயலாகக் கிடைக்க ஆயிரத்தில் மூன்று வாய்ப்பு. அவ்வளவே. பி-மதிப்பு 0.05-க்குக் கீழே வந்தால்தான் வேறுபாடு பொருட்படுத்தத்தக்கது என்ற எல்லைக்கோடும் இயற்கை விதியன்று. புள்ளியியலாளர் ஃபிஷர் 1925-இல் வசதி கருதிப் பரிந்துரைத்தது. 2015-இல் 100 உளவியல் ஆய்வுகளை மீண்டும் செய்து பார்த்தார்கள். மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தன. மறு ஆய்வுகளில் தாண்டியவை 36 விழுக்காடுதான்.

ஆகவே, மாற்றம் எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். நம் கணக்கில் 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மையான சராசரி மாற்றத்துக்குத் தரவு காட்டும் மதிப்பீட்டு எல்லை, 1.1 முதல் 4.9 புள்ளிகள் வரை. ஒரு புள்ளிக் குறைவு ஒருவருடைய தூக்கத்தை மீட்டுத் தருமா என்பதைப் பி-மதிப்பு சொல்லாது.

இன்னொன்றையும் அது சொல்லாது. பதற்றம் உச்சத்தில் இருப்பவர்களைத் தேர்ந்தெடுத்தால், பயிற்சி இல்லாமலேயே அடுத்த அளவீட்டில் சற்றுக் குறைந்திருக்கக்கூடும். குறைந்தது பயிற்சியாலா என்று அறிய, பயிற்சி பெறாத இன்னொரு குழு வேண்டும். யார் எந்தக் குழு என்பதைக் குலுக்கல் முறையில் பிரிக்க வேண்டும். அப்போது இரு குழுக்களின் மாற்றங்களையும் ஒப்பிட உதவுவது எது தெரியுமா? தொடக்கத்தில் தவறென்று ஒதுக்கினோமே, அதே சார்பற்ற டி-சோதனை.