கீவ் பெச்செர்ஸ்க் லாவ்ரா: முதலில் குகைக்குள் இறங்குங்கள்

[காட்சி: தினிப்ரோ ஆறு, குன்றின்மேல் பொன் குவிமாடங்கள்]

உக்ரைனின் தலைநகர் கீவில், தினிப்ரோ ஆற்றின் வலக்கரைக் குன்றில் இருக்கிறது பெச்செர்ஸ்க் லாவ்ரா மடம். குவிமாடங்களின் பொன்னழகிலேயே பலரும் மயங்கி நின்றுவிடுகிறார்கள். நீங்கள் முதலில் கீழே, குகைகளுக்குப் போங்கள். மடம் பிறந்தது அங்கேதான்.

தனித்திருந்து செபிப்பதற்காக இந்தச் சரிவில் ஒரு சிறு குகையைத் தோண்டினார் இலாரியோன் என்ற பாதிரியார். 1051இல் அவர் கீவின் பேராயரானார். கிரேக்கத்தின் துறவிகள் மலையான ஆதோஸில் துறவு பூண்டு திரும்பிய அந்தோனி அந்தக் குகையில் குடியேறினார். சீடர்கள் வந்து சேர்ந்து, ஆளுக்கோர் அறை குடைந்துகொண்டார்கள். கூட்டம் பெருகவே தரைக்குமேல் கட்டடங்கள் எழுந்தன, குகைகள் கல்லறைகளாயின.

[காட்சி: மெழுகுவர்த்தி ஒளியில் குறுகிய பாதை]

அருகுக் குகைகள், தொலைக் குகைகள் என இரண்டு தொகுதிகள். வழிநெடுகச் சுவர் மாடங்களில் துறவிகளின் உடல்கள், துணி போர்த்தியபடி. குளிர்ச்சி மாறாத சூழலில் அவை உலர்ந்து நிலைத்தன என்கிறது அறிவியல்; பக்தர்களுக்கு அது புனிதத்தின் அடையாளம். அருகுக் குகைகளில் இருப்பவர்கள் யார் யார் என்று பாருங்கள்: கீவைத் தலைநகராகக் கொண்ட பண்டைய ரூஸ் நாட்டின் வரலாற்றை எழுதிய நெஸ்தோர், கூலி வாங்காமல் வைத்தியம் பார்த்த அகாபித், திருவுருவ ஓவியர் அலிப்பி. எழுத்தும் மருத்துவமும் ஓவியமும் இந்த மண்ணறைகளில்தான் வளர்ந்தன. இதைவிடப் பெரிய பெருமை குவிமாடங்களுக்கு இல்லை என்பேன்.

[காட்சி: பேராலயமும் மணிக்கூண்டும்]

பிறகு மேலே வாருங்கள். 11ஆம் நூற்றாண்டின் மரியன்னைப் பேராலயம் 1941 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது; ஒரு மூலை மட்டுமே மிஞ்சியது. இன்று நிற்பது 2000இல் மீண்டும் எழுப்பியது. பக்கத்தில் 1745இல் கட்டி முடித்த மணிக்கூண்டு. உயரம் 96 மீட்டருக்கும் மேல்.

1990இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற இந்த வளாகம், போரினால் 2023இல் ஆபத்திலுள்ள மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஆகவே குகைகள் திறந்திருக்கின்றனவா என்று முன்பே விசாரித்துவிடுங்கள்.

[காட்சி: நகரும் படிக்கட்டு]

மெட்ரோவில் வருபவர்கள் அர்செனால்னா நிலையத்தில் இறங்க வேண்டும். 105 மீட்டர் ஆழத்திலிருந்து மேலேறி, சற்றுத் தொலைவு நடந்தால் மடத்தின் வாசல். பெண்கள் தலையை மூடத் துணி எடுத்துச் செல்லுங்கள். ஆண்கள் அரைக்கால் சட்டையைத் தவிர்த்துவிடுங்கள்.