கொழிஞ்சாம்பாறைக்கு எத்தனை பைட்?

நேயர்களுக்கு வணக்கம். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு பள்ளிக்கோ சங்கத்துக்கோ வெப் அப்ளிகேஷன் எழுதினால், ஒரே படிவத்தில் தமிழ்ப் பெயரும் வரும், மலையாளப் பெயரும் வரும். சேமித்த பெயர் திரையில் குப்பையாகத் தெரிந்தால், அழிக்காமல் முதலில் அந்தக் குப்பையைப் படியுங்கள்.

எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறைதான் யூ.டி.எஃப்-8. அதில் இரு மொழிகளிலும் அன்றாடம் புழங்கும் ஒவ்வொரு குறியும், அதாவது யூனிகோடு தனி எண் கொடுத்த ஒவ்வொரு துண்டும், மூன்று பைட். அதை லத்தீன்-1 என்ற பழைய ஐரோப்பிய எழுத்து முறையாகப் படித்தால், தலையில் சாய்கோடு போட்ட சின்ன 'ஏ' திரும்பத் திரும்ப வரும். கூடவே வட்டத்துக்குள் 'ஆர்' தெரிந்தால் மூலம் தமிழ். தனிச் சாய்கோடு தெரிந்தால் மலையாளம். இந்தக் குப்பையைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். டேட்டாபேஸுக்குள்ளேயே வெறும் கேள்விக்குறிகள் என்றால் போனது போனதுதான், பேக்கப்பைத் தேடுங்கள்.

பக்கத்தின் தலையில் சார்செட் (எந்த எழுத்து முறை என்ற அறிவிப்பு) போடுவார்கள், டேபிளையும் மாற்றுவார்கள். அப்ளிகேஷனுக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவிலுள்ள கனெக்‌ஷனை மறந்துவிடுவார்கள். டேட்டாபேஸ் மென்பொருள் மைஎஸ்கியூஎல் என்றால் கனெக்‌ஷன், டேபிள் இரண்டுக்கும் யூடிஎஃப்8எம்பி4 கொடுங்கள். பழைய 'யூடிஎஃப்8' மூன்று பைட்டோடு நின்றுவிடும். தமிழுக்கு அது போதாதா என்பார்கள். எமோஜி இருக்கட்டும், 2019-இல் யூனிகோடில் சேர்ந்த காணி, முந்திரி பின்னக் குறிகளுக்கே நான்கு பைட் வேண்டும்.

லத்தீன்-1 என்று குறித்த நெடுவரிசைக்குள் தமிழ் பைட்டுகள் கிடந்தால் நேரடியாக 'கன்வர்ட்' கொடுக்காதீர்கள், குப்பை இரட்டிப்பாகும். நெடுவரிசையை முதலில் பைனரி வகைக்கு மாற்றி, பிறகு யூடிஎஃப்8எம்பி4-க்கு மாற்றுங்கள். அதற்கும் முன் ஒரு நகல்.

இனி தேடல். கொழிஞ்சாம்பாறை கண்ணுக்கு ஏழு எழுத்து. உள்ளே 14 குறி, 42 பைட். சில கீபோர்டுகள் 'கொ'வின் ஒகரக் குறியை ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகப் போடும். அப்போது 15 குறி, 45 பைட். பார்வைக்கு வித்தியாசமே இல்லை, ஆனால் பைட் பார்த்து ஒப்பிடும் தேடலில் ஊர் கிடைக்காது. என்எஃப்சி என்ற சீராக்கம் இரண்டையும் ஒன்றாக்கிவிடும்.

மலையாளச் சில்லெழுத்துக்கு, அதாவது உயிர் சேராத மெய்யின் தனி வடிவத்துக்கு, அது உதவாது. 2008-இல் வந்த யூனிகோடு 5.1 சில்லுக்குத் தனிக் குறி கொடுத்தது. பழைய முறையில் மெய், சந்திரக்கலை (நம் புள்ளி போன்றது), கண்ணுக்குத் தெரியாத இணைப்பான் என மூன்று குறி. என்எஃப்சி இவற்றைத் தொடாது, மாற்றும் வரியை நீங்களே எழுத வேண்டும். சேமிக்கும் பெயருக்கு ஓடும் அதே வரி, தேடும் சொல்லுக்கும் ஓட வேண்டும்.