எட்டு விநாடிப் பிழை: மென்பொருள் எழுதுவோருக்கு அனுமதிப்பத்திரம் வேண்டுமா?

வணக்கம். காங்கேசன்துறை வீதியில் ஓட்டோ ஓட்டுவதற்குச் சாரதி அனுமதிப்பத்திரம் வேண்டும். யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையில் மருந்து எழுதித் தருபவர் மருத்துவப் பேரவையில் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஆனால், நோயாளியின் உடலுக்குள் செல்லும் மருந்தின் அளவைக் கணக்கிடும் கருவிக்கு மென்பொருள் எழுதியவரிடம் எவரும் பதிவு எண்ணைக் கேட்பதில்லை. கேட்க வேண்டுமா?

தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரத்தின் கதையைப் பொறுமையாகக் கேளுங்கள். 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகள் அதனால் அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சுக்கு உள்ளானார்கள்; அவர்களில் சிலர் இறந்துபோனார்கள். 1986 மார்ச்சில், டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரில், இயந்திரத்தை இயக்கியவர் எக்ஸ்-கதிர் முறைக்குரிய எழுத்தைத் தவறுதலாகத் தட்டிவிட்டு, உடனே இலத்திரன் முறைக்குரியதாக அதைத் திருத்தினார். உள்ளேயிருந்த காந்தங்கள் ஒழுங்காவதற்கு ஏறத்தாழ 8 விநாடிகள் தேவைப்பட்டன; திருத்தம் அதற்குள் முடிந்துவிட்டதால் மென்பொருள் அதைக் கவனிக்கவே இல்லை. திரையில் எல்லாம் சரியாகத் தெரிந்தது. பின்னர் 'கோளாறு 54' என்ற அறிவிப்பு வந்தது. இத்தகைய அறிவிப்புகள் அடிக்கடி வருவது வழக்கம் என்பதால் அவர் சிகிச்சையைத் தொடர்ந்தார். 180 ராட் (கதிர்வீச்சு அளவின் அலகு) பெற வேண்டிய நோயாளி 16,500 முதல் 25,000 ராட் வரை பெற்றிருக்கலாம் என்று பின்னர் மதிப்பிட்டார்கள்.

மெதுவாகத் தட்டுபவருக்கு இந்தப் பிழை வெளிப்பட்டிருக்காது. வேலையில் கைதேர்ந்தவருக்கே வெளிப்பட்டது என்பதுதான் என்னை இன்றும் உலுக்குகிறது. அளவு மீற வாய்ப்பே இல்லை என்று தயாரித்த நிறுவனம் சொன்னது. அடுத்த மாதம் அதே இடத்தில் இன்னொருவரும் பாதிக்கப்பட்ட பின்னர், வைத்தியசாலையின் பௌதிகவியலாளரும் இயந்திரத்தை இயக்கியவருமே அமர்ந்து, திரும்பத் திரும்ப விரைவாகத் தட்டிப் பிழையை வரவழைத்துக் காட்டினார்கள். முந்திய மாதிரியான தெராக்-20இலும் இதே பிழை ஒளிந்திருந்தது. ஆனால் அதிலிருந்த வன்பொருள் தடுப்புகள் நோயாளிகளைக் காப்பாற்றி வந்தன. புதிய இயந்திரத்தில் அவற்றை நீக்கிவிட்டு, ஒரே ஒருவர் எழுதிய மென்பொருளை நம்பினார்கள்.

அப்படியானால் எல்லோருக்கும் பரீட்சை வைத்துவிடலாமா? அமெரிக்காவில் மென்பொருள் பொறியியலுக்கான உரிமப் பரீட்சை 2013இல் தொடங்கி 2019இல் நிறுத்தப்பட்டது. அத்தனை ஆண்டுகளிலும் தோற்றியவர்கள் 81 பேர் மட்டுமே. உரிமம் இல்லாமலே வேலை கிடைத்தபோது யார் அதை எழுதுவார்கள்?

மாடி வீடு கட்டும்போது மேசனிடம் நாம் பட்டம் கேட்பதில்லை. கட்டடம் தாங்கும் என்று வரைபடத்தில் கையொப்பமிடும் பொறியியலாளரிடமே கேட்கிறோம். மென்பொருளுக்கும் இதுவே பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் உள்ள ஒரு கடைக்கு இணையத்தளம் செய்து பழகும் இளைஞருக்கு உரிமம் வேண்டாம். வீட்டிலிருந்தபடியே தாமாகக் கற்று முன்னேறும் வடக்கின் பிள்ளைகளுக்குக் கட்டணமும் கொழும்புப் பயணமும் புதிய சுவராக எழுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். ஆனால் உயிரோ ஊராரின் சேமிப்போ தங்கியிருக்கும் மென்பொருளை, பதிவு பெற்ற ஒருவர் தம் பெயரிட்டு ஒப்புக்கொள்ளாமல் வெளியிடக் கூடாது.

அந்தக் கையொப்பம் தண்டிப்பதற்கு மட்டும் உரியதன்று. "இது இன்னும் சோதிக்கப்படவில்லை, கையொப்பமிட மாட்டேன்" என்று முதலாளியிடம் சொல்வதற்கான சட்ட வலிமையை அது தொழிலாளிக்குத் தருகிறது. வெளியீட்டுத் தேதி நெருங்கும் இரவுகளில் இன்று எவரிடமும் இல்லாதது அந்த வலிமைதான்.

மென்பொருள் நிறுவனங்களில் பணிபுரியும் நண்பர்களே, உங்கள் குழுவில் ஒரு வெளியீட்டைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அவர் அதை என்றாவது பயன்படுத்தினாரா என்று கீழே எழுதுங்கள்.