சூப்பர் ஹீரோ கார்ட்டூன்களின் ஆயுள் யார் கையில்?

நேயர்களுக்கு வணக்கம்.

நல்ல கதை, நல்ல படம், பார்க்கிற பிள்ளைகளும் ஏராளம். இத்தனை இருந்தும் ஒரு சூப்பர் ஹீரோ கார்ட்டூன் தொடர் இரண்டே பருவத்தில் நின்றுவிடுகிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் இது திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. காரணத்தைத் தேடினால் பெரும்பாலும் அது திரையில் இருப்பதில்லை. தொடருக்குப் பணம் போட்டவர் யார், அந்தப் பணம் எந்த வழியாகத் திரும்பிவரும் என்று அவர் கணக்குப் போட்டார் என்பதில்தான் இருக்கிறது.

தெளிவான உதாரணம் 'யங் ஜஸ்டிஸ்'. ராபின், கிட் ஃப்ளாஷ், அக்வாலாட் என்று பெரிய வீரர்களின் இளைய தோழர்களை வைத்துக் கிரெக் வைஸ்மனும் பிராண்டன் வியெட்டியும் உருவாக்கிய தொடர். கார்ட்டூன் நெட்வொர்க்கில் 2010 நவம்பரில் ஒரு மணி நேரச் சிறப்புப் பகுதியோடு தொடங்கியது. தயாரிப்புச் செலவுக்கு மேட்டல் பொம்மை நிறுவனத்தின் பணம் முக்கியமான ஆதாரம். தொடர் ஓடும், பொம்மை விற்கும், விற்ற காசு செலவை ஈடுகட்டும் என்பதுதான் ஏற்பாடு. பொம்மை எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. மேட்டல் விலகியது. அந்த இடத்தை நிரப்ப வேறு யாரும் வரவில்லை. 46 பகுதிகளோடு 2013 மார்ச்சில் தொடர் நின்றது. இதை வைஸ்மனே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

இந்த ஏற்பாட்டின் ஓட்டையைப் பாருங்கள். பொம்மை வாங்கித் தரும்படி அடம்பிடிப்பது ஆறு முதல் பத்து வயதுப் பிள்ளை. யங் ஜஸ்டிஸோ உளவு, துரோகம், காதல், பல பகுதிகளுக்கு நீளும் மர்மம் என்று பின்னப்பட்ட கதை. அதை விரும்பிப் பார்த்தவர்களில் பதின்ம வயதினரும் பெரியவர்களும் நிறைய. அவர்கள் தொடரை நேசிப்பார்கள், ஆனால் பொம்மை வாங்க மாட்டார்கள். தவறு கதையில் இல்லை. கதை பேசிய வயதும் காசு வரவேண்டிய வயதும் வேறு வேறாகப் போய்விட்டன.

அதோடு ஒளிபரப்பும் சீராக இல்லை. முதல் பருவத்தின் 26 பகுதிகள் காட்டி முடிக்க ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு ஆனது. இரண்டாம் பருவத்தில், 2012 அக்டோபரில், அடுத்த பகுதிக்குக் காத்திருந்தவர்களுக்கு முன்னறிவிப்பே இல்லாமல் தொடர் அட்டவணையிலிருந்து காணாமல் போனது. மறுபடி வந்தது ஜனவரியில். தொடர்கதைக்கு இது பெரிய அடி. நான்கு வாரம் விட்டுப்போன பிள்ளைக்கு யார் யாருக்குப் பகை என்பதே மறந்துவிடும்.

அதே அட்டவணையில் அதே விதியைச் சந்தித்தது 'கிரீன் லான்டர்ன்' கார்ட்டூன் தொடர். 2011இல் வந்த கிரீன் லான்டர்ன் திரைப்படம் ஓடவில்லை. அதன் பொம்மைகள் கடைகளில் தேங்கிக் கிடந்தன. அதே பெயரில் இன்னொரு வரிசையை அடுக்கக் கடைக்காரர்கள் தயாராக இல்லை. தொடர் 26 பகுதிகளோடு முடிந்தது. படத்தின் தோல்விக்குத் தொடர் விலை கொடுத்தது; இதைவிட அநியாயம் ஒன்று உண்டா?

பொம்மை விளம்பரத்திலும் ஒரு முடிச்சு இருக்கிறது. அமெரிக்காவில் 1990இல் வந்த சிறுவர் தொலைக்காட்சிச் சட்டப்படி, சிறுவர் நிகழ்ச்சிகளில் விளம்பரம் வார நாள்களில் மணிக்கு 12 நிமிடத்தையும், வார இறுதியில் பத்தரை நிமிடத்தையும் தாண்டக் கூடாது. ஒரு தொடரின் பொம்மையை அதே தொடரின் இடைவேளையில் விளம்பரப்படுத்தினால் நிகழ்ச்சி முழுவதுமே விளம்பரமாகக் கணக்கிடப்படும். அதனால் பேட்மேன் பொம்மையின் விளம்பரம் பேட்மேன் ஓடும்போது வர முடியாது.

இனி வென்றவற்றுக்கு வருவோம். 1992 செப்டம்பரில் ஃபாக்ஸ் கிட்ஸில் வந்த பேட்மேன் தொடருக்கு எடுத்த எடுப்பிலேயே 65 பகுதிகள். ஏன் 65? வாரம் ஐந்து நாள் வீதம் 13 வாரத்துக்கு வரும் கணக்கு அது. பள்ளி விட்டு வீடு திரும்பும் பிள்ளை தினமும் அதே நேரத்தில் பார்க்கலாம். காலாண்டு முடிந்ததும் முதலிலிருந்து ஓட்டலாம். பெரும்பாலான பகுதிகள் தனிக்கதை என்பதால் எந்த வரிசையில் போட்டாலும் கெடுதல் இல்லை. பேட்மேன் வாழும் கோத்தம் நகரத்தின் பின்னணி ஓவியங்களைக் கறுப்புத் தாளில் வரைந்தார்கள். இருட்டு இயல்பாகவே இருந்தது. வெளிச்சத்தை மட்டும் தீட்டினால் போதும். வேறெந்தத் தொடருக்கும் அன்று இல்லாத முகம் அதற்குக் கிடைத்தது.

தொடர்கதை பாணியில் சென்ற 'எக்ஸ்-மென்' அதே அலைவரிசையில் வென்றது, ஆனால் சிரமத்தோடு. ஒரு பகுதி 22 நிமிடம். விநாடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்) என்றால் 31,680 சட்டகங்கள். ஒரு படத்தை இரண்டு சட்டகத்துக்கு நிறுத்தினாலும் 15,840. எழுத்து, குரல் பதிவு, காட்சிகளை வரிசையாக வரைந்துவைக்கும் காட்சிப் பலகை எல்லாம் அமெரிக்காவில் முடிந்தபின் அசைவூட்டும் வேலை கொரியாவுக்குப் போகும். பிழையாக வந்த காட்சிகளைத் திருப்பி அனுப்பித் திருத்தி வாங்க வேண்டும். தாமதம் இங்கேதான் பிறக்கிறது. செப்டம்பரில் வரவேண்டிய எக்ஸ்-மென் 1992 அக்டோபர் 31 அன்றுதான் முன்னோட்டமாக வந்தது. இன்னொரு பகுதிக்கு நேர்ந்தது மோசம்: எக்ஸ்-மென் அணியின் வீராங்கனை ஜீன் இறந்துவிட்டதாக நம்பி அவள் காதலன் சைக்ளாப்ஸ் துக்கத்தில் அணியை விட்டு விலகும் கதை, 1996இல் ஒளிபரப்பானது. ஜீன் திரும்பி வந்து ஏறத்தாழ இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. தொடர்கதை எழுதுகிறவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் எங்கே வைத்தாலும் பொருந்தும் சில தனிக்கதைகளைக் கையிருப்பாக வைத்திருப்பது இதற்காகத்தான்.

தணிக்கையால் தொடர்கள் அழிந்தன என்று பலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. 1994இல் வந்த ஸ்பைடர்-மேனில் நிஜத் துப்பாக்கி கிடையாது, எல்லாம் லேசர். மோர்பியஸ் என்ற ரத்தக்காட்டேரி கடிக்கக் கூடாது. உள்ளங்கை வழியாகப் 'பிளாஸ்மா' உறிஞ்சுகிறான். பார்க்கக் கொஞ்சம் விசித்திரம்தான். ஆனாலும் ஸ்பைடர்-மேனான பீட்டர் பார்க்கரின் மனப் போராட்டம் அதில் உயிரோடு இருந்தது, 65 பகுதிகள் ஓடியது.

உரிமை கைமாறினாலும் ஒரு தொடர் சாகும். 2008இல் வந்த 'ஸ்பெக்டாகுலர் ஸ்பைடர்-மேன்', வைஸ்மனின் இன்னொரு அருமையான படைப்பு. ஸ்பைடர்-மேனைக் கார்ட்டூன் தொடராக எடுக்கும் உரிமை சோனியிடமிருந்து, அந்த வீரனைப் படைத்த காமிக்ஸ் நிறுவனமான மார்வெலுக்குத் திரும்பியது, மார்வெலை டிஸ்னி வாங்கியது. பழைய தொடரை வளர்க்க யாருக்கும் தேவை எழவில்லை. 26 பகுதிகள், அவ்வளவே. வைஸ்மன் மனதில் வைத்திருந்தது 65.

யங் ஜஸ்டிஸ் கதை மட்டும் அங்கே முடியவில்லை. நெட்ஃபிளிக்ஸில் ரசிகர்கள் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். 2016 நவம்பரில் புதிய பருவம் அறிவிக்கப்பட்டது; 2019 ஜனவரியில் டிசி யுனிவர்ஸ் என்ற சந்தா இணையத் தளத்தில் வந்தது. முதல் பகுதியைப் பத்து வயதில் பார்த்தவர் அப்போது பதினெட்டைத் தொட்டிருப்பார். கதையும் அந்த வயதுக்குத் தக்கபடி முதிர்ந்திருந்தது. காசு இப்போது சந்தாவிலிருந்து வந்தது. நான்காம் பருவம் எச்பிஓ மேக்ஸ் என்ற இன்னொரு சந்தாத் தளத்தில் 2022 ஜூனில் முடிந்தபோது, 46இல் நின்ற தொடர் 98 பகுதிகளைத் தொட்டிருந்தது.

வணக்கம்.